கட்டுச்சோற்று மூட்டையில் ஒரு லினக்ஸ்



தஞ்சாவூர்ப் பக்கம் ஊர் உள்ளவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் ஒரு மதகு இருக்கும். அதன் சுவரில் கோடுகள் போட்டு எண்கள் எழுதிய அளவுகோல் ஒன்று இருக்கும். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொட்டு நிற்கிறது என்று பார்த்துத்தான் மதகுப் பலகையை ஏற்றுவதும் இறக்குவதும் நடக்கும்.

மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12-ஆம் நாள் அணையைத் திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளையாறுகளாகி, வாய்க்கால்களாகி, கடைசியில் வயலுக்கு வருகிறது. கடைமடையில் இருக்கும் விவசாயிக்கு அப்போது மனத்தில் ஒரே கேள்விதான்: “தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது?”

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு சிறு பெட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம். மதகின் மேல் அதைப் பொருத்திவிடுகிறோம். மேலே ஒரு சூரிய மின்தகடு. கீழே நீர்மட்டத்தை அளக்கும் உணரி. கூடவே ஒரு சிறிய கேமரா. கால் மணிக்கு ஒரு முறை நீர்மட்டத்தை அளந்து, ஒரு படமும் எடுத்து, கைபேசி அலைவழியே ஊருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். பெட்டிக்குள் இதையெல்லாம் செய்ய ஒரு கணிப்பொறி வேண்டும் அல்லவா? அந்தக் கணிப்பொறியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெட்டிக்குள் மறைந்திருக்கும் கணிப்பொறி

கணிப்பொறி என்றதும் திரையும் விசைப்பலகையும் நம் கண்முன் வரும். ஆனால் உலகில் உள்ள கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றுக்கு இவை இரண்டுமே கிடையாது. வீட்டுக்கு இணையம் தரும் ரவுட்டர், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டாப் பெட்டி, ரேஷன் கடையில் ரசீது அடிக்கும் கைக்கருவி ஆகிய ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கணிப்பொறி ஒளிந்திருக்கிறது. ஒரே ஒரு வேலைக்காக ஒரு கருவிக்குள் பதித்து வைக்கப்பட்டிருப்பதால் இவற்றைப் பதிகணிப்பொறிகள் என்கிறோம்.

இவற்றில் மிக எளியவற்றுக்கு இயக்க முறைமையே தேவையில்லை. நீர்மட்டத்தை அளந்து ஓர் எண்ணைக் காட்டுவது மட்டும்தான் வேலை என்றால், மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறு சில்லும் ஒரு சிறு நிரலும் போதும். ஒரு கட்டுக் கீரை அறுக்கக் கதிர் அறுக்கும் இயந்திரத்தை யாரும் கொண்டுவருவதில்லை! ஆனால் நம் பெட்டியோ அளக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், சேமிக்க வேண்டும், பிறர் படிக்காதபடி செய்தியைப் பூட்டி அனுப்ப வேண்டும். பல வேலைகள் ஒரே சமயத்தில் வரும்போது அவற்றை மேய்க்க ஒருவர் தேவைப்படுகிறார். அவர்தான் இயக்க முறைமை.

வாய்க்கால் முறையும் கெர்னலும்

தண்ணீர் குறைவாக இருக்கும் காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அடுத்த வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று கணக்கு. மதகைத் திறந்து மூடும் பணியாளரை நம் ஊர்களில் லஸ்கர் என்பார்கள். முறை தவறாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

கணிப்பொறியில் தண்ணீருக்குப் பதில் நுண்செயலியின் நேரம். வயல்களுக்குப் பதில் நிரல்கள். ஒவ்வொரு நிரலுக்கும் சில மில்லி விநாடிகள் முறை கொடுத்து, அது முடிந்ததும் அடுத்ததற்குத் திருப்பிவிடுகிறது இயக்க முறைமையின் உட்பகுதி. ஒரு நிரல் மற்றொன்றின் நினைவகத்துக்குள் புகுந்துவிடாதபடி வரப்பு கட்டிக் காப்பதும் அதன் வேலையே. இந்த உட்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். உமிக்குள் இருக்கும் அரிசியைப் போன்ற உள்மணி என்பதே அந்தச் சொல்லின் பொருள். நெல் விளையும் நாட்டில் இதை நினைவில் வைத்துக்கொள்வது கடினமா என்ன?

1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஒரு கெர்னலை எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ். 1992-இல் அதை ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். அந்த உரிமம் சொல்வதைச் சுருக்கினால் இதுதான்: “மூலநிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் தரலாம். ஆனால் மாற்றியதை ஒருவருக்குக் கொடுத்தால், அதன் மூலநிரலையும் அவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.” இந்த நிபந்தனை பிற்காலத்தில் ஒரு பெரிய வேலை செய்தது. அதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

எட்டாத கணக்கு

இன்று லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் 3 கோடி வரிகளுக்கும் மேல். அதோடு திரை, எழுத்துருக்கள், உலாவி எல்லாம் சேர்த்து மேசைக் கணிப்பொறியில் நிறுவினால் 8 கிகாபைட் இடம் எளிதில் நிறைந்துவிடும். நம் மதகுப் பெட்டியில் 16 மெகாபைட் பிளாஷ் நினைவகம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 கிகாபைட் என்பது 8,192 மெகாபைட். அதை 16-ஆல் வகுத்தால் 512. அதாவது, இருக்கும் இடத்தைப் போல 512 மடங்கு பெரிய பொருளை உள்ளே வைக்க வேண்டும்!

பெரிய பிளாஷ் வாங்கிப் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். விலையும் மின்செலவும் ஒரு பக்கம் இருக்கட்டும். வேறொரு கணக்கைப் பாருங்கள். நிரலில் ஒரு பிழை திருத்தி, புதிய பதிப்பைக் கைபேசி அலைவழியே பெட்டிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. கடைமடை ஊரில் அலை மெலிந்து, விநாடிக்கு 0.1 மெகாபிட் வேகம்தான் கிடைக்கிறது. முழு அமைப்பும் 5 மெகாபைட்டாக இருந்தால் அது 40 மெகாபிட். 400 விநாடிகளில், ஏழு நிமிடத்துக்குள், போய்ச் சேரும். அதுவே 2,000 மெகாபைட்டாக இருந்தால் 1,60,000 விநாடிகள், அதாவது 44 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். சிறியதாக இருப்பது சிக்கனம் மட்டுமல்ல, வசதியும்கூட.

சரி, எப்படிச் சுருக்குவது?

வீட்டில் சமைத்து வயலில் உண்பது

அறுவடைக்குப் போகும்போது அடுப்பையும் அம்மியையும் யாரும் வயலுக்குத் தூக்கிச் செல்வதில்லை. வீட்டில் சமைத்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் கட்டுச்சோறாகக் கட்டி எடுத்துச் செல்கிறோம். பதிகணிப்பொறிக்கு லினக்ஸ் தயாரிப்பதும் இதே முறைதான்.

மனிதர் எழுதும் மூலநிரலை, நுண்செயலிக்குப் புரியும் எண்களாக மாற்றுவது கம்பைலர். அது பெரிய சமையற்கட்டு. அதைப் பெட்டிக்குள் வைப்பதில்லை. நம் மேசைக் கணிப்பொறியிலேயே, பெட்டியில் உள்ள நுண்செயலியின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலரை இயக்கி, முடிந்த பண்டத்தை மட்டும் பெட்டிக்கு ஏற்றுகிறோம். இதைக் குறுக்குத் தொகுப்பு என்பார்கள். மூட்டை கட்டுவதில் நான்கு படிகள் உண்டு.

முதற்படி, கெர்னலைப் பொறுக்கி எடுப்பது. லினக்ஸைத் தொகுக்கும் முன் அது நம்மிடம் ஒரு நீண்ட வினாப்பட்டியலை நீட்டும். அதில் ஆயிரக்கணக்கான வினாக்கள். அச்சுப்பொறி வேண்டுமா? ஒலி வேண்டுமா? இந்தக் கம்பெனியின் வட்டு வேண்டுமா? பெரும்பாலானவற்றுக்கு மூன்று விடைகளில் ஒன்றைச் சொல்லலாம்: உள்ளேயே சேர், தனியே வைத்துத் தேவைப்பட்டால் ஏற்று, வேண்டாம். நம் பெட்டிக்கு அச்சுப்பொறியும் ஒலியும் எதற்கு? எடுத்துவிடுகிறோம். எல்லாவற்றுக்கும் ‘வேண்டாம்’ என்று வைத்துக்கொண்டு, தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்துவரும் வழியும் உண்டு. வெறும் பாத்திரத்திலிருந்து தொடங்கினால் எது எதற்காகச் சேர்ந்தது என்பது நமக்கே தெளிவாகத் தெரியும்.

இரண்டாம் படி, கட்டளைகள். கோப்பை நகலெடுக்க ஒன்று, பட்டியலிட ஒன்று, தேட ஒன்று என்று லினக்ஸில் நூற்றுக்கணக்கான சிறு கருவிகள் உண்டு. 1995-ஆம் ஆண்டில் புரூஸ் பெரென்ஸ் என்பவருக்கு ஒரு நெருக்கடி. டெபியன் என்னும் லினக்ஸை நிறுவ உதவும் கருவிகள் அனைத்தையும் 1.44 மெகாபைட் கொள்ளும் ஒரே நெகிழ்வட்டில் அடக்க வேண்டும். அவர் எல்லாக் கருவிகளையும் சேர்த்து ஒரே நிரலாக எழுதினார். அதன் பெயர் பிசிபாக்ஸ். எந்தப் பெயரால் கூப்பிடுகிறோமோ அந்தக் கருவியாக அது நடந்துகொள்ளும். நம் வீட்டு அரிவாள்மணையை நினைத்துப் பாருங்கள். காய் நறுக்குவதும் அதுவே, நுனியில் தேங்காய் துருவுவதும் அதுவே. பொதுவான பகுதிகள் ஒரே முறை எழுதப்படுவதால் இடம் மிச்சமாகிறது. 300-க்கும் மேற்பட்ட கட்டளைகளை இன்று ஏறத்தாழ 1 மெகாபைட்டுக்குள் அடக்கிவிடலாம்.

மூன்றாம் படி, நூலகம். எழுத்தைத் திரையில் இடுவது, கோப்பைத் திறப்பது போன்ற பொது வேலைகளை ஒவ்வொரு நிரலும் தனித்தனியே செய்வதில்லை. சி நூலகம் என்னும் பொதுத் தொகுப்பிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். மேசைக் கணிப்பொறிகளில் வழங்கும் ஜிலிப்சி பெரியது. அதற்குப் பதிலாக மசல், யு.சி.லிப்சி போன்ற மெலிந்த நூலகங்களைப் பயன்படுத்துகிறோம்.

நான்காம் படி, மூட்டையைக் கட்டுவது. எல்லாக் கோப்புகளையும் சுருக்கி, ‘படிக்க மட்டும்’ என்ற முறையில் பிளாஷில் எழுதுகிறோம். இதற்கு ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற முறை பெரிதும் பயன்படுகிறது. இடம் குறைவதோடு இன்னொரு நன்மையும் உண்டு. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரை கடந்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அப்படிப்பட்ட ஊரில் மின்சாரம் எந்த நொடியிலும் போகலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்பு பாழாகும். எழுதவே முடியாத இடத்தில் இருக்கும் கெர்னலுக்கும் கருவிகளுக்கும் அந்த ஆபத்து இல்லை. மின்சாரம் வந்ததும் பெட்டி தானே விழித்துக்கொள்ளும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். சுருக்கிய கெர்னலுக்குச் சுமார் 2 மெகாபைட், பிசிபாக்ஸுக்கு 1, நூலகமும் நம் நிரல்களும் சேர்ந்து 2. மொத்தம் 5 மெகாபைட் அளவில் முடிந்துவிடுகிறது. 16 மெகாபைட்டில் இன்னும் இடம் மீதி! அதில் இன்னொரு பிரதியை வைத்துக்கொள்ளலாம். புதிய பதிப்பை ஒரு பாதியில் எழுதும்போது, பழையது மறுபாதியில் பத்திரமாக இருக்கும். புதியது எழுந்திருக்காவிட்டால் பெட்டி பழையதைக் கொண்டு எழும். எத்தனை பஞ்சம் வந்தாலும் விதைநெல்லைத் தொடாத நம் முன்னோரின் அறிவு இதுவேதான்.

இந்த நான்கு படிகளையும் ஒரே சமையற்குறிப்பாக்கித் தரும் கருவிகளும் இருக்கின்றன. 2001-ஆம் ஆண்டு தோன்றிய பில்ட்ரூட் அவற்றில் எளிமையானது.

பூட்டைத் திறந்த உரிமம்

உரிமத்தின் நிபந்தனை ஒரு பெரிய வேலை செய்தது என்றேன் அல்லவா? இதோ அந்தக் கதை.

2002-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் லிங்க்சிஸ் நிறுவனம் நீல நிறப் பெட்டி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது டபிள்யு.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டர். அதன் தொடக்கப் பதிப்புகளில் இருந்தவை 4 மெகாபைட் பிளாஷும் 16 மெகாபைட் நினைவகமுமே. அதற்குள் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். “அப்படியானால் உரிமத்தின்படி மூலநிரல் எங்கே?” என்று கேட்டார்கள். 2003-ஆம் ஆண்டு மூலநிரல் வெளியிடப்பட்டது. அதை அடித்தளமாகக் கொண்டு 2004-இல் ஓபன்டபிள்யு.ஆர்.டி. என்ற திட்டம் பிறந்தது. இன்று நூற்றுக்கணக்கான வகை ரவுட்டர்களில் ஏறி ஓடும் சிறு லினக்ஸ் அது. தயாரித்த கம்பெனி கைவிட்ட பழைய பெட்டிகளில் பலவும் இதனால் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. ஒன்றைச் சுருக்க வேண்டுமானால் முதலில் அதைத் திறந்து பார்க்க முடிய வேண்டும். மூடிய பெட்டியிலிருந்து எதையும் எடுத்துப் போட முடியாது.

நம் நாட்டிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அறிஞர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கைக்கணிப்பொறியை உருவாக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பது நோக்கம். உள்ளே ஓடியது லினக்ஸ். 2004-இல் அது கடைக்கு வந்தது. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை; ஆனாலும், உள்ளங்கையில் அடங்கும் லினக்ஸை நாமே செய்ய முடியும் என்று அது காட்டிவிட்டது.

அடுத்த அடி சென்னையில் எடுத்து வைக்கப்பட்டது. மென்பொருள் திறந்தது, சரி. அது ஓடும் நுண்செயலி? அதையும் திறந்த முறையில் வடிவமைக்க, 2014-ஆம் ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழு ‘சக்தி’ திட்டத்தைத் தொடங்கியது. ரிஸ்க்-5 என்னும், யாரும் பயன்படுத்தக்கூடிய ஆணைத்தொகுதியை அது பின்பற்றுகிறது. 2018-இல் சக்தி சில்லின் மேல் லினக்ஸ் எழுந்து ஓடியது. அதே ஆண்டில் சண்டிகரில் உள்ள நம் நாட்டு ஆலையிலும் ஒரு சக்தி சில்லு வார்க்கப்பட்டது. சக்தி குடும்பத்தில் ‘இ’ வகை, லினக்ஸ் தேவைப்படாத எளிய கருவிகளுக்கு. ‘சி’ வகை, லினக்ஸ் ஓடக்கூடிய கருவிகளுக்கு. நாம் முன்பு பார்த்த அதே பாகுபாடுதான்!

எடுத்து வைக்க மறந்தால்?

தேவையற்றதை நீக்குவது இடத்துக்காக மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. அது தேடிப் பிடித்தவை வீட்டுக் கேமராக்கள், ரவுட்டர்கள் போன்ற சிறு லினக்ஸ் பெட்டிகளையே. தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் டெல்நெட் என்ற பழைய வாசல் பல பெட்டிகளில் திறந்தே கிடந்தது. கடவுச்சொல்லும் ஆலையில் வைத்ததே மாறாமல் இருந்தது. பிடிபட்ட பெட்டிகளெல்லாம் சேர்ந்து அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, அமெரிக்காவில் பல புகழ்பெற்ற வலைத்தளங்கள் சில மணி நேரம் எட்டாமல் போயின.

அந்த வாசல் பெரும்பாலான பெட்டிகளுக்குத் தேவையே இல்லை. மூட்டை கட்டியவர்கள் அதை எடுத்துப் போட மறந்ததுதான் குற்றம். மதகைக் காக்கும் பெட்டியில் இப்படி ஒரு வாசல் திறந்து கிடந்தால் என்னவாகும்? பொய்யான நீர்மட்டம் ஊருக்குப் போகலாம். கடைமடைக்காரர் அதை நம்பி நாற்றுவிட்டுக் காத்திருப்பார். ஆகவே, ‘வேண்டாம்’ என்ற ஒவ்வொரு விடையும் இடத்தை மிச்சப்படுத்துவதோடு, ஒரு கதவையும் அடைக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள்

இதையெல்லாம் கற்க மதகுக்குப் போக வேண்டியதில்லை. பெட்டிகூட வேண்டாம். லினக்ஸ் உள்ள ஒரு சாதாரணக் கணிப்பொறியும் இணையமும் இருந்தால் போதும். பில்ட்ரூட்டை இறக்கிக்கொள்ளுங்கள். கியூஎமு என்ற நிரல் ஒன்று உண்டு. அது இல்லாத ஒரு கணிப்பொறியை இருப்பதுபோல் நடித்துக் காட்டும். ரிஸ்க்-5 பொறியாகவும் நடிக்கும். பில்ட்ரூட்டில் அதற்கென்று ஆயத்தமாக இருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்துத் தொகுக்கச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். முடிந்ததும், நீங்கள் கட்டிய லினக்ஸ் கியூஎமுவில் எழுந்து நிற்பதைப் பார்ப்பீர்கள்.

பிறகு விளையாட்டைத் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பொருளை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் தொகுங்கள். அளவு எவ்வளவு குறைந்தது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு நாள் நீக்கக்கூடாத ஒன்றை நீக்கிவிடுவீர்கள். அப்போது கெர்னல் ‘பேனிக்’ என்று எழுதிவிட்டு அப்படியே நின்றுவிடும். பயப்பட வேண்டாம்! கடைசியாக எடுத்ததைத் திரும்பப் போடுங்கள். எது எதைத் தாங்கி நிற்கிறது என்பது அந்த நிமிடத்தில் புரிவதுபோல் வேறு எப்போதும் புரியாது.

நாளை நம் வாய்க்கால்களிலும், நெல் கொள்முதல் நிலையங்களிலும், மோட்டார் கொட்டகைகளிலும் இத்தகைய பெட்டிகள் வந்து அமரும். என்றாவது ஒரு நாள் அவற்றில் ஒன்று பழுதாகும். செய்த கம்பெனி அப்போது இல்லாமலும் போகலாம். மூலநிரல் கையில் இருந்து, அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால், கடைமடைக்காரரின் கேள்விக்கு மறுபடியும் விடை கிடைக்கும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம் அல்லவா?